வடசேரி, தென்சேரி: போர்க்கால அம்பாறைக் கரையின் இளைஞர்கள்

இலங்கையின் உள்நாட்டுப் போரைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை இரண்டு தரப்புகளை வைத்தே கணக்குப் பார்க்கின்றன: ஒரு பக்கம் அரசும் அதன் படைகளும், மறுபக்கம் தமிழீழ விடுதலைப் புலிகள். வன்னியின் கடைசி மாதங்களை மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் கணக்குப் பொருந்திவரலாம். கல்முனையிலிருந்து அறுகம்பே வரை நீளும் அம்பாறை மாவட்டக் கடற்கரைக்கு அது பொருந்தாது. அந்தக் கரையில் 1983க்கும் 2009க்கும் இடையில் துப்பாக்கி ஏந்திய இளைஞர்கள் புலிகளாகவும், புலிகளை எதிர்த்த இயக்கத்தவர்களாகவும், இந்தியப் படையின் நிழலில் திரட்டப்பட்ட ஆட்களாகவும், முஸ்லிம் ஊர்களின் ஊர்காவலர்களாகவும், சிங்களக் குடியேற்றங்களின் ஊர்காவலர்களாகவும், பொலிஸாராகவும், அதிரடிப்படையினராகவும் நின்றார்கள். ஒரே இளைஞன் இரண்டு சீருடைகளை அடுத்தடுத்து அணிந்ததும் உண்டு. யார் எந்தப் பக்கம் நிற்பது என்பதைக் கொள்கையைவிட, பிறந்த ஊரும், அந்நேரத்து வயதும், அந்த மாதத்தில் ஊரைக் கையில் வைத்திருந்த படையுமே பெரும்பாலும் தீர்மானித்தன என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

இதற்கு முதலில் அந்தக் கரையின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். வடக்கே பெரியநீலாவணையில் தொடங்கி நெடுஞ்சாலையில் தெற்கே வருபவர், தமிழ் ஊர் ஒன்றையும் முஸ்லிம் ஊர் ஒன்றையும் மாறி மாறிக் கடந்து வருவார்: மருதமுனை முஸ்லிம் ஊர், பாண்டிருப்பு தமிழ் ஊர், கல்முனை இருவரும் பங்கிட்டுக்கொண்ட நகரம், சாய்ந்தமருது முஸ்லிம் ஊர், காரைதீவு தமிழ் ஊர், நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை ஆகியன முஸ்லிம் ஊர்கள். அக்கரைப்பற்று முஸ்லிம் ஊராகவும் அதனோடு ஒட்டிய ஆலையடிவேம்பு தமிழ் ஊராகவும் இருக்க, அதற்கப்பால் தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி என்னும் தமிழ் ஊர்களைத் தாண்டி முஸ்லிம் ஊரான பொத்துவிலும், அதன் அருகே சின்ன உல்லை என்று ஊரார் சொல்லும் அறுகம்பேயும் வருகின்றன. பல இடங்களில் ஓர் ஊர் முடிந்து மற்றையது தொடங்கும் எல்லை ஒரு வீதியோ ஒரு மதகோ தான். இரு சாராருக்கும் பேச்சு மொழி தமிழ். இரு சாராரின் வயல்களும் மேற்கே ‘வட்டை’ எனப்படும் நெற்காணிப் பரப்புகளில் வரப்போடு வரப்பாகக் கிடந்தன. அந்த வயல்களுக்கும் மேற்கே, 1949-இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் கீழ் சிங்களக் குடியேற்றங்கள் உருவாகி, 1961-இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டு அம்பாறை தனி மாவட்டமாயிற்று.

தமிழரும் முஸ்லிம்களும் இங்கே பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தார்கள் என்பது மேடைதோறும் சொல்லப்படும் உவமை. குழலில் பிட்டு அவிக்கிறவர்களுக்குத் தெரியும், மாவும் பூவும் ஒன்றாகக் குழைக்கப்படுவதில்லை, அடுக்கடுக்காகவே இடப்படுகின்றன. அந்த வகையில் உவமை ஊர்களின் வரிசையை மிகத் துல்லியமாகவே சொல்லிவிடுகிறது. ஆயினும் அடுக்குகளுக்கு அடியில் ஓடிய ஒற்றுமை வெறும் மேடைப்பேச்சன்று. கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் ‘குடி’ என்னும் தாய்வழிக் குலப்பிரிவுகளைக் கொண்டவர்கள். பிள்ளை தாயின் குடியைச் சேரும், ஒரே குடிக்குள் திருமணம் செய்வதில்லை, வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும், மருமகன் மனைவி வீட்டுக்கு வருவான். கோவிலில் குடிகளின் சார்பில் வண்ணக்கர் நிற்பதைப் போலவே, பள்ளிவாசலில் குடிகளின் சார்பில் மரைக்காயர் நிற்பார். இந்த ஒற்றுமைக்கு ஊரார் சொல்லும் காரணமே ஒரு போர்க்கதைதான்: முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த பழைய சண்டையில் முஸ்லிம்கள் முக்குவர் பக்கம் நின்றதால், வென்ற முக்குவர் அவர்களுக்குப் பெண் கொடுத்தார்கள் என்பது அக்கதை. அது வரலாறா என்பது வேறு விடயம். இரு சாராரின் இளைஞர்களும் ஒரே பக்கம் நின்று போரிட்டதாகவே தங்கள் தொடக்கத்தை நினைவில் வைத்திருந்தார்கள் என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

ஊருக்குள்ளேயே இரண்டு பக்கம் பிரிந்து மோதுவதற்கும் அங்கே ஒரு முறை இருந்தது. கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்த கொம்புமுறி என்னும் விளையாட்டில் தமிழ் ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். ஒருவர் எந்தச் சேரி என்பது பிறப்பால் அமைவது, அவர் தேர்ந்துகொள்வதில்லை. இரண்டு வளைந்த கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி, இரு சேரி இளைஞர்களும் இழுப்பார்கள். வசைப்பாட்டும் கேலியும் எல்லை மீறிப் போகும். ஒரு கொம்பு முறிந்ததும் சடங்கு முடியும், சேரிகள் மறுபடி ஊராகிவிடும். அறுகம்பேக்குத் தெற்கேயுள்ள பாணமையில், தமிழும் சிங்களமும் திருமணத்தால் கலந்த மக்கள் இதே விளையாட்டைப் பத்தினி தெய்வத்துக்காக அங்கெலிய என்ற பெயரில் நடத்தி வந்துள்ளனர். பிறப்பால் கிடைத்த பக்கத்தில் நின்று எதிர்ப்பக்கத்தை வெறுத்து இழுப்பதும், குறித்த நேரத்தில் அதை நிறுத்திவிடுவதும் அந்த மண்ணுக்குப் பழக்கமானவையே. போர் அதில் முதற்பாதியை எடுத்துக்கொண்டது.

1980களின் தொடக்கத்தில் தமிழ் இயக்கங்கள் கிழக்கில் ஆள் சேர்த்தபோது முஸ்லிம் இளைஞர்களும் அவற்றில் சேர்ந்தார்கள். ‘இயக்கம்’ என்ற சொல் அக்காலத்தில் புலிகளை மட்டும் குறிக்கவில்லை, ஈரோஸ், ஈ.பி.ஆர்.எல்.எஃப்., புளொட், ரெலோ முதலிய பல அமைப்புகள் இருந்தன, அவற்றுட் சிலவற்றின் பேச்சில் ‘தமிழ் பேசும் மக்கள்’ என்ற தொடர் முஸ்லிம்களையும் உள்ளடக்கியதாக இருந்தது. அந்த நம்பிக்கையில் முதல் விரிசலைத் தெளிவாகக் காட்டியது 1985 ஏப்ரலில் காரைதீவு உள்ளிட்ட ஊர்களில் வெடித்த தமிழர்–முஸ்லிம் மோதல். வீடுகள் எரிந்தன, அயலூரார் அகதிகளாயினர், இரு சாராரின் இளைஞர்கள் பெருந்தொகையில் எதிரெதிரே நின்றார்கள். அடுத்த ஆண்டு, சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்த சட்டத்தரணி எம்.எச்.எம். அஷ்ரஃப் தலைமையில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் அரசியற் கட்சியாகியது. துப்பாக்கிக்குப் போகவிருந்த முஸ்லிம் இளைஞர்கள் பலரை வாக்குப்பெட்டியின் பக்கம் திருப்பியது அந்தக் கட்சியே என்று கிழக்கில் இன்றும் சொல்லப்படுகிறது. அதில் மிகை இருக்கலாம், பொய் இல்லை.

துப்பாக்கியின் பக்கம் போனவர்களுக்கு அதைக் கொடுத்தது அரசு. ஊர்காவல் படை என்பது, படை நிலைகொள்ள முடியாத ஊர்களைக் காப்பதற்கென அந்தந்த ஊர் ஆண்களிலிருந்தே ஆள் எடுத்து, குறுகிய பயிற்சியும், பெரும்பாலும் சொட்கன் எனப்படும் வேட்டைத் துப்பாக்கியும், சிறிய மாதச் சம்பளமும் கொடுத்து நிறுத்தும் ஏற்பாடு. வயலுக்குப் போக அஞ்சிய ஊரில், மீன்பிடி தடைப்பட்ட ஊரில், உயர்தரம் தேறியும் வேலை கிடைக்காத இருபது வயதுக்காரனுக்கு அது ஒரு தொழிலும் ஆயிற்று. தன் தெருவைக் காக்க நின்றவனுக்குத் துப்பாக்கி ஓர் அரண். அதே துப்பாக்கியை அடுத்த ஊரிலிருந்து பார்த்தவனுக்கு அது அரசு தன் அயலவன் கையில் கொடுத்த ஆயுதம். இரண்டு பார்வையும் சரியானவையே என்பதுதான் இதில் உள்ள கேடு. ஒரு நாட்டின் அரசு தன் குடிமக்களில் ஒரு சாராரை மற்றொரு சாராரிடமிருந்து காக்க, பொலிஸை அனுப்பாமல் அந்தச் சாராரின் பிள்ளைகளையே அரைப் படையாக்கியது, அடுத்த ஊரின் மீது பழிவாங்கலை மிக மலிவாக்கிவிட்டது.

தமிழ் ஊர்களில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் போர் நூல்களில் அது பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகிறது. 1987 ஜூலை 29-இல் கைச்சாத்தான இந்திய–இலங்கை உடன்படிக்கையின் வழியாக வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாக இணைக்கப்பட்டு, 1988-இல் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைமையில் மாகாண சபை அமைந்தது. உடன்படிக்கையைக் காக்க வந்த இந்திய அமைதிப்படையோ புலிகளுடன் போரில் இறங்கியிருந்தது. 1989-இல் இந்தியப் படை வெளியேறும் என்பது உறுதியானபோது, தாங்கள் தனித்து நிற்க வேண்டிவரும் என்று கண்ட மாகாண சபைத் தரப்பு இயக்கங்கள், தமிழ்த் தேசிய இராணுவம் என்ற பெயரில் ஒரு படையைக் கட்டத் தொடங்கின. விரும்பி வந்தவர்கள் போதவில்லை; ஆகவே ஆள் பிடித்தார்கள். கடைத்தெருவிலும், பஸ்ஸிலும், கோவில் திருவிழாவிலும், தனியார் வகுப்பு முடிந்து வரும் வழியிலும் பதின்ம வயதுப் பையன்கள் வாகனத்தில் ஏற்றப்பட்டார்கள். ‘பிள்ளை பிடி’ என்று ஊரார் பெயர் வைத்த அந்தக் காலத்தில், மகனை ஒளித்து வைப்பது தாய்மாரின் அன்றாட வேலையாயிற்று. கொழும்புக்கு அனுப்ப வசதி உள்ளவர்கள் அனுப்பினார்கள், இல்லாதவர்களின் பிள்ளைகள் முடி மழிக்கப்பட்டுச் சில வாரப் பயிற்சியோடு காவலரணில் நிறுத்தப்பட்டார்கள்.

இந்தியப் படை முதலில் வெளியேறிய மாவட்டம் அம்பாறைதான். அது போனதும், 1989 நவம்பரில் புலிகள் அங்கிருந்த தமிழ்த் தேசிய இராணுவ முகாம்களைத் தாக்கினார்கள். முகாம்கள் நாட்கணக்கில் சரிந்தன. எதிரே வந்த புலிகளிலும் கிழக்கின் பிள்ளைகள் இருந்தார்கள். சரணடைந்தவர்களில் சிலர் பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள், பலர் கொல்லப்பட்டார்கள். இந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் ஒரே மொழி, ஒரே கோவில், ஒரே குடிமுறை. கொள்கையால் எதிரியாவதற்கு வேண்டிய வயதுகூட அவர்களில் பலருக்கு ஆகியிருக்கவில்லை. இன வெறுப்பே போருக்கு அடிப்படை என்று எளிதாக முடிவு கட்டுவோருக்கு 1989 நவம்பர் விடை சொல்ல முடியாத ஒரு கேள்வியாகவே நிற்கிறது.

அடுத்த ஆண்டு அந்தக் கரையின் மிகக் கொடிய ஆண்டு. 1990 ஜூன் 11 அன்று புலிகள் கிழக்கின் பொலிஸ் நிலையங்களைச் சூழ்ந்தபோது, சண்டையிடாமல் சரணடையுமாறு கொழும்பிலிருந்து கட்டளை வந்தது. சரணடைந்தவர்களில் 600க்கும் மேற்பட்ட சிங்கள, முஸ்லிம் பொலிஸார் திருக்கோவிலை அடுத்த ரூபஸ்குளம் காட்டுப்பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். பின்னர் இராணுவம் கல்முனையை மீளப் பிடித்ததும் தமிழ் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகப் பிடிக்கப்பட்டார்கள், பலர் திரும்பவே இல்லை. ‘தலையாட்டி’ என்ற சொல் அக்காலத்தில் எல்லா வீடுகளுக்கும் தெரிந்த சொல்: பிடிபட்ட ஒருவனின் முகத்தைச் சாக்கால் மூடிக் கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்டு உட்காரவைத்து, ஊர் இளைஞர்களை வரிசையாக அவன் முன்னால் நடக்கவிடுவார்கள், அவன் தலையசைத்தால் அந்த ஆள் போய்விடுவான். தலையசைக்காவிட்டால் சாக்குக்குள் இருப்பவனுக்கு என்ன நேரும் என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எதிரெதிர்ப் பக்கம் என்பது இங்கே ஒரு சாக்குத்துணியின் இரண்டு புறங்களாகச் சுருங்கிவிட்டது.

ஓகஸ்ட் மாதத்தின் பத்து நாட்கள் மீதியைச் செய்தன. 3ஆம் திகதி இரவு மட்டக்களப்பு மாவட்டத்தின் காத்தான்குடியில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் பள்ளிவாசல்களுக்குள் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். இறந்தவர்களில் சிறுவர்களும் இருந்தனர். 6ஆம் திகதி அட்டாளைச்சேனையை அடுத்த திராய்க்கேணி என்னும் தமிழ்க் குக்கிராமத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 12ஆம் திகதி விடியுமுன் ஏறாவூரில் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட, அதே நாளில் சம்மாந்துறையை அடுத்த வீரமுனையில் பிள்ளையார் கோவிலில் தஞ்சம் புகுந்திருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்கள் ஊர்காவல் படையினரால் கொல்லப்பட்டனர். திராய்க்கேணியிலும் ஊர்காவலர்களின் கை இருந்ததாகவே தமிழர் தரப்புப் பதிவுகள் கூறுகின்றன. திராய்க்கேணியிலிருந்தும் வீரமுனையிலிருந்தும் அயல் முஸ்லிம் ஊர்களுக்கு ஒரு பிற்பகலில் சைக்கிளில் போய்வந்துவிடலாம். கொன்றவர்களும் கொல்லப்பட்டவர்களும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய தொலைவில் வாழ்ந்தவர்கள் என்பதால், பழி பெயரும் முகமும் கொண்டதாயிற்று. பின்வந்த ஆண்டுகளில் வட்டைக்குப் போன விவசாயி திரும்பாமற்போவதும், அதற்குப் பதிலாக மறுபக்கத்தில் ஒருவர் குறைவதும் வழக்கமாயின. 1986 பெப்ரவரியில் உடும்பன்குளத்தில் அறுவடைக்குச் சென்ற தமிழ் விவசாயிகள் பலர் கொல்லப்பட்டதிலிருந்தே வயல் ஒரு போர்க்களமாகத்தான் இருந்தது.

மேற்கேயுள்ள சிங்களக் கிராமங்களின் கதை இந்தக் கட்டுரையின் மையமில்லை எனினும், அதை விட்டுவிட்டால் படம் பொய்யாகிவிடும். 1987 ஜூன் 2 அன்று அரந்தலாவையில் பஸ் ஒன்றை மறித்த புலிகள் 30க்கும் மேற்பட்ட பௌத்த பிக்குகளைக் கொன்றனர். அவர்களில் பெரும்பாலோர் துறவுப் பயிற்சியில் இருந்த இளம்பிள்ளைகள். 1999 செப்டெம்பரில் கோணகலவில் உறங்கிக்கொண்டிருந்த கிராமத்தவர் ஐம்பது பேரளவில் வெட்டிக் கொல்லப்பட்டனர். தெற்கிலோ 1987–89 காலத்தில் சிங்கள இளைஞர்களே கிளர்ச்சி செய்த ஜே.வி.பி.யிலும் படையிலுமாக எதிரெதிரே நின்றார்கள். அந்த அழிவுக்குப் பின் அமைக்கப்பட்ட ஜனாதிபதி இளைஞர் ஆணைக்குழு 1990-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. வேலைவாய்ப்பு அரசியல்வாதியின் கையில் இருப்பதும், ஆங்கிலம் அறியாத கிராமத்து இளைஞர் வாய்ப்பிழப்பதும் அதில் பேசப்பட்ட குறைகள். அறிக்கை வெளியான சில மாதங்களிலேயே அம்பாறைக் கரை எரிந்துகொண்டிருந்தது.

கிழக்கின் பிள்ளைகள் தமக்குள்ளேயே எதிரெதிராக நிறுத்தப்படும் இரண்டாவது முறை 2004-இல் வந்தது. ‘வீட்டுக்கு ஒருவர்’ என்ற முழக்கத்தோடு புலிகள் கிழக்கில் ஆள் திரட்டியபோது பதினெட்டு வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் பெருமளவில் கொண்டுசெல்லப்பட்டார்கள். சிறுவர் உரிமைகள் சமவாயத்துக்கு 2000-இல் சேர்க்கப்பட்ட விருப்பத்தெரிவு நெறிமுறை, அரசல்லாத ஆயுதக் குழுக்கள் பதினெட்டு வயதுக்குட்பட்ட எவரையும் சேர்க்கக் கூடாது என்று சொல்லுகிறது. அது எழுத்தில் இருந்தது. 2004 மார்ச்சில் கிழக்குத் தளபதி கருணா என்னும் விநாயகமூர்த்தி முரளிதரன் வன்னித் தலைமையிலிருந்து பிரிந்தார். ஏப்ரலில், பெரிய வெள்ளியை ஒட்டி, வெருகல் ஆற்றங்கரையில் வன்னியிலிருந்து வந்த புலிகளும் கருணாவின் ஆட்களும் மோதினார்கள். வன்னியிலிருந்து வந்தவர்களிலும் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகள் இருந்தார்கள். சில நாட்களில் கருணா தம் படையைக் கலைத்துவிட, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர்கள் சீருடையைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு நடந்தார்கள். பெற்றோர் கொண்டாடி முடிப்பதற்குள் அவர்களை மறுபடி தேடிப் புலிகள் வந்தார்கள். பின்னர் கருணா தரப்பும் பிடித்தது. மார்ச் வரை ஒரே பாசறையில் ஒரே பானையில் உண்டவர்கள் ஏப்ரலில் துரோகி, விசுவாசி என்று பிரிக்கப்பட்டதற்கு அவர்களில் எவரும் எடுத்த முடிவு காரணமில்லை.

அதே ஆண்டு டிசெம்பர் 26-இல் கடல் வந்தது. இலங்கையில் ஆழிப்பேரலையால் மிகுந்த உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. 10,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர், மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் கரையோரத் தெருக்கள் முழுவதும் இல்லாமற்போயின. இனம் பாராமல் பிணம் தூக்கிய அந்த நாட்களைப் பலர் எழுதியுள்ளனர். அதன் பிறகு நடந்தது அவ்வளவு எழுதப்படவில்லை: 2005 ஜூனில் அரசும் புலிகளும் உதவிப்பணத்தைப் பங்கிடக் கைச்சாத்திட்ட பொதுக்கட்டமைப்பில், மிகுதியாக இழந்த முஸ்லிம்களுக்குக் கைச்சாத்திடும் இடம் தரப்படவில்லை. கடல் கலைத்த பக்கங்களைக் காகிதம் மீண்டும் வகுத்தது.

காகிதத்தைப் பற்றிப் பேசும்போது மாணவர்களையும் சொல்ல வேண்டும். போரால் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குச் செல்ல அஞ்சிய முஸ்லிம் மாணவர்களை முன்னிட்டு, அஷ்ரஃபின் முயற்சியால் 1995-இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டு, அடுத்த ஆண்டே முழுப் பல்கலைக்கழகமாக ஒலுவிலில் வளர்ந்தது. 2001 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் ‘பொங்கு தமிழ்’ என்ற பெயரில் தமிழரின் தன்னாட்சி உரிமையை முழங்கினார்கள். ஈராண்டு கழித்து, 2003 ஜனவரி 29-இல், ஒலுவிலில் முஸ்லிம் மாணவர்கள் திரண்டு முஸ்லிம்களும் தன்னாட்சி உரிமை உடைய தனித் தேசிய இனம் என்று ‘ஒலுவில் பிரகடனம்’ செய்தார்கள். இரண்டு கூட்டங்களின் சொற்களை அருகருகே வைத்துப் படித்தால் இலக்கணமே ஒன்றாயிருப்பது தெரியும்: தாயகம், தேசியம், தன்னாட்சி. ஒருவரிடமிருந்து கற்ற பாடத்தை மற்றவர் அவருக்கே ஒப்புவித்தார். துப்பாக்கி இல்லாமல் எதிரெதிரே நிற்பதற்கு இது ஒரு வழி; 1990ஐ நினைத்துப் பார்த்தால் நல்ல வழியும்கூட.

அறுகம்பேக்கு இந்தக் கதையில் தனியாக ஓர் இடம் உண்டு, அதை விளங்கிக்கொள்ளச் சற்றுத் தொலைவு போக வேண்டும். கல்முனைக்குடியைச் சேர்ந்த கவிஞரும் மொழியியலாளருமான எம்.ஏ. நுஃமான் 1981-இல் ‘பலஸ்தீனக் கவிதைகள்’ என்னும் மொழிபெயர்ப்பு நூலை வெளியிட்டார். அக்காலத் தமிழ் இளைஞர்களிடையே அது பரவலாக வாசிக்கப்பட்டது. ஈரோஸ் முதலிய இயக்கங்களைச் சேர்ந்த இளைஞர்கள் லெபனானில் பலஸ்தீன அமைப்புகளிடம் ஆயுதப் பயிற்சி பெற்றிருந்தார்கள். அரசோ 1984-இல் கொழும்பு அமெரிக்கத் தூதரகத்தினுள் இஸ்ரேலிய நலன் காக்கும் பிரிவு ஒன்றைத் திறக்க இடமளித்து, தன் படையினருக்கு இஸ்ரேலியப் பயிற்சியாளரை வரவழைத்தது. முஸ்லிம்கள் அதை எதிர்த்தார்கள். ஆக, கல்முனை முஸ்லிம் ஒருவர் தமிழாக்கிய பலஸ்தீனக் கவிதையைப் படித்த தமிழ் இளைஞன் பலஸ்தீனரிடம் பயின்ற இயக்கத்துக்குப் போக, இஸ்ரேலியரிடம் பயின்ற படையை வைத்திருந்த அரசிடமிருந்து கல்முனை முஸ்லிம் இளைஞன் துப்பாக்கி வாங்க நேர்ந்தது. 1990-இல் ஜனாதிபதி பிரேமதாசவின் அரசு அந்த இஸ்ரேலியப் பிரிவை மூடியது.

இன்று அறுகம்பேயின் அலைச்சறுக்குக் கரைக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை வரும் வெளிநாட்டவரில் இஸ்ரேலிய இளைஞர்கள் கணிசமானவர்கள். இஸ்ரேலில் பதினெட்டு வயதில் யூதர்களில் பெரும்பாலான ஆண்களும் பெண்களும் கட்டாய இராணுவச் சேவைக்குப் போக வேண்டும். சேவை முடிந்ததும் தொலைநாடொன்றில் சில மாதங்கள் கழித்துவருவது அங்கே ஏறக்குறைய ஒரு வழக்கம். அவர்களுக்குப் படகும் பலகையும் அறையும் சாப்பாடும் தருவோர் பொத்துவில், உல்லை முஸ்லிம் இளைஞர்கள். காஸாப் போர் தொடங்கி ஓராண்டு கழிந்த நிலையில், 2024 ஒக்டோபர் 23-இல், அறுகம்பேயில் தாக்குதல் நடக்கக்கூடும் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தது; தன் நாட்டவர் உடனே வெளியேற வேண்டும் என்று இஸ்ரேல் அறிவித்தது. பொலிஸ் குவிக்கப்பட்டது, சிலர் கைதாயினர், அந்தப் பருவத்தின் எஞ்சிய வருமானம் போயிற்று. போரைப் பிள்ளைப்பருவத்தில் பார்த்த அல்லது பாராத ஒரு தலைமுறை, தனக்குச் சற்றும் தொடர்பில்லாத இன்னொரு போரின் இளைஞர்களுக்கு விருந்தோம்ப வேண்டியவர்களாகவும், அவர்களால் ஐயுறப்படுபவர்களாகவும் ஒரே வேளையில் ஆகியிருக்கிறது.

உள்ளூரில் போர் 2009 மேயில் முடிந்தது. அரசின் புனர்வாழ்வு நிலையங்களுக்குப் போன முன்னாள் போராளிகளில் சிறுவர்கள் மட்டும் 594 பேர். கல்முனையில் பக்கங்கள் இன்று கோப்புகளில் மோதிக்கொள்கின்றன: கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி 2019 ஜூனில் உண்ணாவிரதம் இருந்தவர்களும், எதிரே அமர்ந்தவர்களும் ஒரே வீதியின் இரண்டு பகுதியினர். பாடசாலைகளின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. ஒரு காலத்தில் கல்முனையின் கிறித்தவ மிஷன் பாடசாலைகளில் இரு சாரார் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்தார்கள். தமிழ்மொழிப் பாடசாலைகளுக்குள்ளேயே முஸ்லிம் பாடசாலை என்ற தனி வகை வலுப்பெற்று, போரும் சேர்ந்த பிறகு, அந்த வாங்குகள் பெரும்பாலும் பிரிந்துவிட்டன. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறையோடு கூடிய தனித் தவணை நாட்காட்டி உண்டு. ஆகவே காரைதீவுப் பிள்ளைக்கும் சாய்ந்தமருதுப் பிள்ளைக்கும் பாடநூல் ஒன்றாக இருந்தாலும் விடுமுறை ஒன்றாக இல்லை. சேர்ந்து பந்தடிக்கக்கூட நாள் பார்க்க வேண்டியிருக்கிறது.

நினைவு நாட்களும் அவ்வாறே பிரிந்து கிடக்கின்றன. ஓகஸ்ட் 3 காத்தான்குடியில் சுஹதாக்கள் (தியாகிகள்) தினம். ஓகஸ்ட் 12 வீரமுனையில் தமிழருக்கு, ஏறாவூரில் முஸ்லிம்களுக்கு. நவம்பர் 27-இல் திருக்கோவில் பகுதியின் கஞ்சிகுடிச்சாறு துயிலுமில்லத்தில் மாவீரர்களுக்கு விளக்கேற்றப்படுகிறது. மே மாதத்தில் அரசு தன் படைவீரர்களை நினைவுகூருகிறது. 1989-இல் வகுப்பு முடிந்து வரும் வழியில் வாகனத்தில் ஏற்றப்பட்டு, முடி மழிக்கப்பட்டு, சில வாரப் பயிற்சியோடு அம்பாறைக் காவலரண்களில் நிறுத்தப்பட்ட பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளில் உயிரோடிருப்பவர்களுக்கு இப்போது ஐம்பது வயது கடந்துவிட்டது. அவர்களுக்கென்று எந்தத் தரப்பின் நாட்காட்டியிலும் ஒரு நாள் குறிக்கப்படவில்லை.